கம்ப்யூட்டர் போச்சு!

பட்டறைப் பக்கம் – 11

கியர் எண்ணெயைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எண்ணெயைத் தொடவே இல்லை. ‘ஆட்டோ கியர் கார் திடீரென்று மூன்றாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. பட்டறையில் கியர் கம்ப்யூட்டர் போச்சு என்கிறார்கள். மாற்றலாமா?’ என்று ஆளுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த விலைச்சீட்டையே படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கியர் கம்ப்யூட்டர் என்று நம் போமன்கள் சொல்வது டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக டிசிஎம். சில கம்பெனிக் கையேடுகளில் டிசியூ என்று இருக்கும். எண்ணெயின் இரண்டாம் பாகம் காத்திருக்கட்டும், இந்த வாரம் இதைப் பார்த்துவிடுவோம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக மாற்றலாம், போனது அதுதான் என்று உங்கள் போமன் கண்முன்னே காட்டிய பிறகு. அதுவரை ஒரு காசு முன்பணம் கொடுக்காதீர்கள்.

கியர் கம்ப்யூட்டரே இல்லாத காலமும் இருந்தது. 1985 ஆகஸ்ட் 3-ஆம் தேதி அன்றைய பிரதமர் மகாதீர், தேசியக்கொடி கட்டிய சிவப்பு நிற புரோட்டோன் சாகாவில் பினாங்குப் பாலத்தைக் கடந்து அதைத் திறந்துவைத்தார். பாலமும் புதிது, காரும் புதிது. அந்தச் சாகாவில் இருந்தது கார்புரேட்டர் இன்ஜின். கம்ப்யூட்டர் என்று சொல்ல அதில் எதுவும் கிடையாது. பிறகு வந்த பழைய ஆட்டோ கியர்களும் எண்ணெய் அழுத்தத்தையும் வால்வுகளையும் வைத்துத் தாமாகவே கியரை மாற்றிக்கொண்டன. இன்று அதே பாலத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஆட்டோ கார்கள் பெரும்பாலானவற்றில், எந்த நொடியில் எந்தக் கியர் என்பதை முடிவு செய்வது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றுதான்.

அந்தப் பெட்டி செய்வது கணக்கு. கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டு எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, வெளியே வருவது எவ்வளவு, எண்ணெய்ச் சூடு என்ன, கால் பெடலில் எவ்வளவு அழுந்தியிருக்கிறது, பிரேக் பிடித்திருக்கிறதா, கியர் கம்பி பி-யில் இருக்கிறதா டி-யில் இருக்கிறதா என்று இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கிடைத்த பதில்களை வைத்து, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சொலினாய்டு வால்வுகளுக்கு மின்சாரம் அனுப்பும். வால்வு திறந்தால் எண்ணெய் பாயும், எண்ணெய் பாய்ந்தால் கிளட்ச் பிடிக்கும், கியர் மாறும். கேட்ட பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துவராதபோது அது வம்பு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளும். பல கார்களில் மூன்றாவது போன்ற ஏதாவது ஒரு நடுக்கியரில் பூட்டிவிட்டு, டி விளக்கைச் சிமிட்ட வைக்கும். பட்டறை வரை ஊர்ந்து போய்ச் சேரட்டும் என்று கம்பெனி வைத்திருக்கும் தற்காப்பு ஏற்பாடு அது. வாசகர்கள் பயந்துபோய் எழுதுவது இந்த நிலையைப் பற்றித்தான். கார் உங்களைக் காப்பாற்றுகிறது என்று கொள்ளுங்கள். ஆனால் அதே நிலையில் வாரக்கணக்கில் ஓட்டித் திரிந்தால் உண்மையிலேயே கியர்பாக்ஸ் போய்விடும்.

இந்தப் பெட்டி ஏன் கெடுகிறது? சூடு, அதிர்வு, ஈரம். மூன்றும் பினாங்கில் தாராளம். பல கார்களில் டிசிஎம் இன்ஜின் அறைக்குள்ளேயே, பேட்டரித் தட்டுக்கு அடியிலோ கியர்பாக்ஸின் முதுகிலோ உட்கார்ந்திருக்கும். மாலை நேரத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை விட்டு வெளியே வந்து பாலம் ஏறுவதற்குள் முதல் கியர், இரண்டாம் கியர், மறுபடியும் முதல் கியர் என்று எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள். நின்று நின்று ஊரும்போது முன்பக்கக் காற்றும் இல்லை. வெப்பத்தில் உலோகம் விரியும், இரவில் குளிர்ந்து சுருங்கும். பத்து வருடம் இப்படி விரிந்து சுருங்கினால் உள்ளே இணைப்புகளைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றில் (சால்டர்) மயிரிழை விரிசல் விழும். அடுத்தது வெள்ளம். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு கொட்டிய மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏழு உயிர்கள் போயின. அந்த வெள்ளத்தில் நின்ற கார்களில் எத்தனையோ காய்ந்து, கழுவப்பட்டு, விற்கப்பட்டன. நீர் புகுந்த இணைப்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு ஏற அவசரமே படுவதில்லை. வருடங்கள் கழித்தும் வேலையைக் காட்டும்.

ஜெலுத்தோங்கில் எனக்குப் பழக்கமான ஒரு பட்டறை. பெயர்ப்பலகை வெயிலில் வெளுத்துப்போய் எழுத்தே தெரியாது. அங்கே இருக்கும் அண்ணனின் அப்பா லோரி பிட்டராக இருந்தவர். இவர் ஸ்கேனர், மடிக்கணினி என்று தொழிலைக் கற்றுக்கொண்டு மின்கோளாறு வேலைகளையே முக்கியமாகப் பார்க்கிறார். அவரிடம் ஒரு நாள் குளுகோரிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். பத்து வயதான காரின் சொந்தக்காரர். எந்தக் கம்பெனி கார் என்பது இங்கே முக்கியமில்லை. பள்ளிக்கூடம் அக்கரையில் இருப்பதால் தினமும் பாலம் கடக்கிறார். காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. மாலை நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தால் டி விளக்கு சிமிட்டும், கியர் மாறாது. வீட்டில் நிறுத்தி, தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். ஏற்கனவே இன்னொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். முழு கியர்பாக்ஸையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“சூடானாதான் வருதா டீச்சர்?” என்று மட்டும் அண்ணன் கேட்டார்.

“ஆமாண்ணே. காலையில காட்டினா நான் பொய் சொல்ற மாதிரி இருக்கு.”

அதன்பிறகு அவர் செய்ததை வரிசையாகவே எழுதுகிறேன், இந்த வரிசைதான் உங்களுக்கு வேண்டியது.

முதலில் ஸ்கேனரை மாட்டினார். இன்ஜின் கம்ப்யூட்டரில் பி0700 என்று ஒரு குறி இருந்தது. பல பட்டறைகளில் இதைக் காட்டித்தான் கியர்பாக்ஸ் போச்சு என்பார்கள். இந்தக் குறிக்கு அர்த்தம், கியர் கம்ப்யூட்டர் ஏதோ புகார் சொல்லியிருக்கிறது என்பது மட்டுமே. என்ன புகார் என்று கியர் கம்ப்யூட்டருக்குள் போய்த்தான் படிக்க வேண்டும். கூடவே யு0101 என்று இன்னொரு குறி. கியர் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்துபோனது என்று மற்ற கம்ப்யூட்டர்கள் போட்டுக்கொடுக்கும் குறி அது. இந்தக் குறி வந்தாலும் பெட்டிதான் கெட்டது என்று ஆகிவிடாது. பேசும் கம்பி அறுந்திருக்கலாம், பெட்டிக்கு மின்சாரம் போகாமல் இருக்கலாம், பூமிக் கம்பி துருப்பிடித்திருக்கலாம்.

ஆகவே பேட்டரி. நிற்கும்போது 12.5 வோல்ட், இன்ஜின் ஓடும்போது 14.1. சரி. அடுத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பூமிக் கம்பிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்தார். 0.03 வோல்ட். இது பத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பூமி சரியில்லை என்று பொருள். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் தூக்கி எறியப்பட்ட நல்ல டிசிஎம்கள் எத்தனை என்று யாராவது கணக்கெடுத்தால் நான் படிக்க ஆசைப்படுவேன்.

இணைப்பைக் கழற்றி ஒவ்வொரு ஊசியையும் டார்ச் அடித்துப் பார்த்தார். களிம்பு இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்கேனர் சாக்கெட்டின் 6-ஆம் துளைக்கும் 14-ஆம் துளைக்கும் இடையே ஓம் கணக்கு எடுத்தார். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் கம்பிகள் பெரும்பாலான கார்களில் அந்த இரண்டில்தான் வந்து முடிகின்றன. கம்பியின் இரு முனைகளிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று இருப்பதால், எல்லாம் சரியாக இருந்தால் மீட்டர் 60-ஐ ஒட்டிக் காட்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை நெருங்கினால் இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆசிரியையின் காரில் 61. கம்பி மேல் பழி போட முடியாது.

பேட்டரியை மறுபடி மாட்டினார். பெட்டியை மட்டும் அதன் இடத்திலிருந்து கழற்றி, கம்பியோடு வெளியே தொங்கவிட்டு, இன்ஜினை ஓடவிட்டார். ஸ்கேனர் திரையில் தண்டு வேகமும் எண்ணெய்ச் சூடும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே போய் ஒரு ஹேர் டிரையரை எடுத்துவந்தார். மனைவியுடையதாம், பட்டறைக்கு வந்த பிறகு திரும்பிப் போகவே இல்லையாம். குறைந்த சூட்டில் வைத்து, பெட்டியின் மேல் மெதுவாக ஓட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் எண்கள் அப்படியே உறைந்தன. டி விளக்கு சிமிட்டியது. ஸ்கேனர், தொடர்பு இல்லை என்றது. டயருக்குக் காற்றடிக்கும் குழாயை எடுத்துப் பெட்டியின் மேல் அடித்தார். பெட்டி குளிர்ந்ததும் எண்கள் மறுபடி ஓடின. இன்னொரு தடவை சூடு, இன்னொரு தடவை காற்று. அதே பதில்.

இன்ஜினும் கியர்பாக்ஸும் அதே நிலையில் இருக்க, பெட்டியின் சூடு மட்டும் ஏறி இறங்கியபோது கோளாறு வந்து போனது. இதைத்தான் நிரூபணம் என்கிறேன். வாசகர்கள் வீட்டில் ஹேர் டிரையரோடு இறங்கிவிட வேண்டாம். கொஞ்சம் கூடினால் நல்ல பெட்டியும் வெந்துவிடும்.

பிறகு மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் காட்டினார். இணைப்பு ஊசி ஒன்றைச் சுற்றி ஈயப்பற்றில் வளையமாக ஒரு விரிசல். சாதாரணக் கண்ணுக்குப் புலப்படாத கோடு. அதற்காகத்தான் ஒரு முழு கியர்பாக்ஸை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த விரிசல் ஓர் ஆசிரியையின் கார் கதை மட்டும் என்றால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. உலக அளவில் நீதிமன்றம் வரை போன வழக்குகள் இருக்கின்றன. ஃபோர்டு நிறுவனத்தின் பவர்ஷிஃப்ட் என்ற டிபிஎஸ்6 கியர்பாக்ஸைச் சொல்லலாம். 2010-க்குப் பிறகு ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களில் வந்தது, மலேசியாவிலும் விற்பனையானது. எண்ணெயில் நனையாத இரட்டை உலர் கிளட்ச். கிளட்சை அழுத்துவதற்கும் கியரை மாற்றுவதற்கும் மின் மோட்டார்கள். கியர் மாற்றும் மோட்டார்களும் கம்ப்யூட்டரும் ஒரே கூட்டில், கியர்பாக்ஸின் மேலேயே பொருத்தப்பட்டிருந்தன. அதிர்வும் சூடும் நேரே அதன் தலையில். கிளட்ச் நடுக்கம் ஒரு புகார், டிசிஎம் பழுது இன்னொரு புகார். அமெரிக்காவில் ஃபோர்டு இந்த டிசிஎம்முக்கு மட்டும் உத்தரவாதத்தைப் பத்து வருடம் அல்லது 1,50,000 மைல், அதாவது ஏறத்தாழ 2,40,000 கிலோமீட்டர் என்று நீட்டித்தது. பழுது இல்லாத பொருளுக்கு எந்தக் கம்பெனியும் அப்படி நீட்டிக்காது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. அங்குள்ள போட்டி மற்றும் பயனீட்டாளர் ஆணையம் 2017-ல் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. கார் நடுங்குகிறது என்று வந்தவர்களிடம், பிரச்சினை காரில் இருப்பது தெரிந்தும், நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்று சொல்லி அனுப்பியதை அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2019-ல் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழ், இந்தக் கியர்பாக்ஸ் சரிவராது என்று பொறியாளர்கள் முன்கூட்டியே எச்சரித்தும் கார்கள் சந்தைக்கு வந்தன என்று உள் ஆவணங்களை வைத்து எழுதியது. நம் ஊரிலும் ‘நீங்க காடிய ஓட்டுற விதம் அப்படி’ என்ற பதிலைக் கேட்டவர்கள் உண்டு. இனி கேட்டால் ஆஸ்திரேலியா நினைவுக்கு வரட்டும்.

ஃபோக்ஸ்வாகனின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி இன்னொரு உதாரணம். அதில் கம்ப்யூட்டரும் எண்ணெய் வால்வுகளும் சேர்ந்த மெக்கட்ரானிக் என்ற தொகுதி கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கிறது. 2013-ல் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திருப்பி அழைத்து கியர்பாக்ஸ் எண்ணெயை மாற்றினார்கள். செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்றினார்கள். காரணம், வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், நின்று நின்று போகும் நெரிசலில், அந்தச் செயற்கை எண்ணெய் மின்பழுதை உண்டாக்கக்கூடும் என்று தெரியவந்தது. வெப்பம், ஈரம், நெரிசல். ஐரோப்பாவில் வரைந்த ஒரு பொருளை ஜார்ஜ்டவுன் சோதித்துப் பார்க்கும் விதம் இது.

ஜெலுத்தோங்குக்குத் திரும்புவோம். போனது பெட்டி என்று தெரிந்துவிட்டது. இனி மூன்று வழி. ஈயத்தை மறுபடி பற்றவைக்கலாம். செலவு மிகக் குறைவு. பழைய கார், விற்கப்போகிற கார் என்றால் நான் இதற்கே வாக்களிப்பேன். ஆனால் எல்லாப் பெட்டியிலும் நடக்காது. சிலவற்றில் பீங்கான் தகட்டின் மேல் முடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பிகள், அவற்றின் மேல் ஜெல் என்று ஊற்றிவைத்திருப்பார்கள். அங்கே ஈயக்கோலுக்கு வேலை இல்லை. “பத்தவச்சுத் தரேன் டீச்சர், ஒரு வருஷமும் ஓடும், ஒரு மாசமும் ஓடும். பாலத்து நடுவுல நின்னா என்னைத் திட்டக்கூடாது” என்றார் அண்ணன். டீச்சர் பற்றவைக்க வேண்டாம் என்றார்.

இரண்டாவது, ஹாஃப்-கட். ஜப்பானில் கழித்த கார்களின் முன்பாதியை வெட்டிக் கப்பலில் ஏற்றி இங்கே இறக்கி, அதிலிருந்து உதிரி எடுக்கும் தொழில். 2009-ல் தேசிய வாகனக் கொள்கையை மறுஆய்வு செய்தபோது, 2011 ஜூன் முதல் பழைய உதிரிகளின் இறக்குமதிக்குத் தடை என்று அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது, தடை நடப்புக்கு வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. பத்து வயதுக் காரைச் சம்பளக்காரர்கள் ஓட்டிக்கொண்டிருப்பது இந்தத் தொழிலால்தான். ஆனால் பம்பரும் கதவும் வாங்குவதுபோல் கம்ப்யூட்டரை வாங்க முடியாது. மேலே ஒட்டியிருக்கும் எண்ணில் கடைசி ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே இருக்கும் மென்பொருள் வேறாக இருக்கலாம். ஜப்பானிய உள்ளூர் மாடலின் கியர் விகிதமும் நம் மாடலின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எண் அச்சாகப் பொருந்தினால், பழைய பெட்டியின் நினைவுச் சில்லிலிருந்து தரவைப் படித்து இதில் ஏற்றத் தெரிந்த ஆள் இருந்தால், ஹாஃப்-கட் நல்ல வழி. அந்த ஆள் இல்லாமல் மாட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தால் உங்கள் காரில்தான் அவர் தொழில் பழகுவார்.

மூன்றாவது புதுப்பெட்டி. டீச்சர் அதைத்தான் சொன்னார். அது வந்துசேரும் வரை பள்ளித்தோழியின் காரில் போய்வந்தார்.

மாட்டுவதற்கு நான்கு திருகு, ஓர் இணைப்பு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரம் போக உலோகத்தைத் தொட்டுவிட்டு மாட்டினால் சில நிமிட வேலை. ஆனால் புதுப்பெட்டி ஒன்றுமறியாமல் வரும். எந்தக் கார், எந்த இன்ஜின், எந்த டயர் அளவு எதுவும் அதற்குத் தெரியாது. காரின் சேஸி எண்ணை எழுத வேண்டும். கம்பெனியின் சர்வரிலிருந்து மென்பொருளை இறக்கி ஏற்ற வேண்டும். சில கார்களில் திருட்டுத் தடுப்புப் பூட்டோடும் அறிமுகம் செய்ய வேண்டும். மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி இறங்கிவிட்டால், நேற்று வாங்கிய பெட்டி அங்கேயே செத்துப்போகும். அதனால் அண்ணன் முதலில் செய்தது, பேட்டரிக்குத் தனிச் சார்ஜர் போட்டது. கார்க் கதவுகளைச் சாத்தி, விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றையும் அணைத்தார். திரையில் கோடு நகர்ந்துகொண்டிருக்க, பட்டறையில் வேறு யாரும் எந்தக் கம்பியையும் தொடக்கூடாது என்று ஒரு சத்தம் போட்டார். தொழில் தெரிந்தவர் எப்போது பயப்படுகிறார் என்று பார்த்தால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரியும்.

அதற்குப் பிறகும் ஒரு வேலை உண்டு. அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இதைத்தான். பழைய பெட்டி பத்து வருடமாக இந்தக் கிளட்ச் தேயத் தேய, எண்ணெய் அழுத்தத்தை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று கற்றுக்கொண்டே வந்திருந்தது. புதுப்பெட்டி, கிளட்சும் தன்னைப்போலவே புதிது என்று நினைத்துக்கொள்ளும். அப்படியே கொடுத்தனுப்பினால் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் இடிக்கும். உரிமையாளர் மறுநாளே சண்டைக்கு வருவார். ஆகவே கம்பெனி சொன்ன சூட்டுக்கு எண்ணெய் வரும்வரை காத்திருந்து, ஸ்கேனர் மூலம் கற்றல் முறையைத் தொடங்கி, நின்ற நிலையில் என்-இலிருந்து டி, டி-இலிருந்து ஆர் என்று சில முறை மாற்றி, பிறகு சாலையில் ஓட்டிப் பழக்க வேண்டும். கால் அதிகம் அழுத்தாமல் ஒவ்வொரு கியரையும் தொட வேண்டும், பிரேக்கை அடிக்காமல் தானாக இறங்கவிட வேண்டும். ஜெலுத்தோங்கிலிருந்து துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் தெற்கே ஓட்டினோம். பாலத்து வளைவைத் தாண்டியதும் இடிப்பு குறைந்தது. பாயான் லெப்பாஸ் வரும்போது கியர் மாறுவதே தெரியவில்லை.

அந்தச் சாலைக்கு அவர் பெயர் வைத்தது பொருத்தம். லிம் சொங் இயூ முதலமைச்சராக இருந்தபோதுதான் 1972-ல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தாராள வாணிப வட்டாரம் வந்தது. இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட்-பேக்கர்டு, ஹிட்டாச்சி, போஷ், கிளாரியன் எல்லாம் முதல் வரிசையில் வந்தவை. போஷும் கிளாரியனும் அப்போதே கார் ரேடியோக்காரர்கள். 2023 ஆகஸ்டில் போஷ் பினாங்கில் கார்ச் சில்லுகளுக்கும் சென்சர்களுக்குமான சோதனை மையத்தைத் திறந்தது. முதலீடு 6.5 கோடி யூரோ. உலகச் சில்லுகளைக் கூடு கட்டிச் சோதித்து அனுப்பும் தொழிலில் மலேசியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு என்பது எல்லா அமைச்சர் உரையிலும் வரும் எண். 2021-ல் கோவிட் தொற்றால் ஜொகூர் மூவாரில் ஒரு சில்லுத் தொழிற்சாலை மூடப்பட்டபோது, சீனாவில் போஷ் அதிகாரி ஒருவர் தட்டுப்பாடு வரப்போகும் பொருட்களைப் பெயர் சொல்லியே பட்டியலிட்டார். அதில் டிசியூவும் இருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் கன்சஸ் சிட்டியில் ஃபோர்டு தன் பிக்கப் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தியது. மலேசியாவிலிருந்து வர வேண்டிய சில்லு வராததுதான் காரணம்.

நம் பிள்ளைகள் மூன்று ஷிப்ட் வேலை பார்த்துச் சோதித்து அனுப்பும் சில்லு, எங்கெங்கோ சுற்றி ஒரு பெட்டிக்குள் அடைபட்டு, சில ஆயிரம் வெள்ளி விலையோடு ஜெலுத்தோங்குக்கு வந்துசேர்கிறது. வெளிநாட்டு சர்வரின் அனுமதி இல்லாமல் அது கண் திறக்காது. இங்கே அதைப் பழுதுபார்க்கக் கை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பூதக்கண்ணாடியில் ஈயப்பற்று பார்ப்பது பாயான் லெப்பாஸில் ஆயிரக்கணக்கானவர்களின் தொழில். இல்லாதது வரைபடமும் மென்பொருளும். கார்க் கம்பெனிகள் அவற்றைத் தனிப் பட்டறைகளுக்கு நியாயமான விலையில் தர வேண்டும் என்று சட்டம் வர வேண்டும் என்பது என் கட்சி.

அது வரும்வரை, இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, செய்யும் வேலைக்கும் பொருந்தும். நியாயமான திறமையோடும் கவனத்தோடும் வேலை செய்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் கீழ் 2002-ல் பட்டறைகளுக்கென்றே தகவல் வெளிப்படுத்தும் விதிமுறை வந்தது. என்ன பழுது, என்ன செலவு என்று முதலில் தெரிவித்து, உங்கள் சம்மதத்தோடு வேலையைத் தொடங்க வேண்டும். பட்டறைச் சுவரில் இதை எழுதி மாட்டாவிட்டாலும் விதி விதிதான்.

பட்டர்வொர்த் வாசகருக்கு: உங்கள் விலைச்சீட்டில் ‘கியர் கம்ப்யூட்டர் – 1’ என்று மட்டும் இருக்கிறது. புதியதா, ஹாஃப்-கட்டா, பழுதுபார்த்ததா என்று எழுதி வாங்குங்கள். பாக எண்ணை எழுதச் சொல்லுங்கள். மென்பொருள் ஏற்றுவதும் கற்றல் ஓட்டமும் அந்த விலைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். கியர் கம்ப்யூட்டருக்குள் படித்த குறிகளின் அச்சுப் பிரதி வேண்டும், பி0700 மட்டும் போதாது. பூமிக் கம்பியையும் கேன் கம்பியையும் அளந்தார்களா, எண் என்ன என்று கேளுங்கள். உங்கள் மாடலுக்குக் கம்பெனி உத்தரவாதத்தை நீட்டித்திருக்கிறதா என்று சேஸி எண்ணோடு சேவை மையத்தில் விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். மாற்றிய பழைய பெட்டியைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். பிறகு தகராறு வந்தால் அதுதான் சாட்சி. ஹாஃப்-கட் கடையில் அதற்கும் ஒரு விலை உண்டு.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும். மூன்று வருடத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, வைத்துக்கொள்ளவும் முடியாது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் கிரீன் லேனில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம். தமிழிலேயே பேசலாம். நடுவர் மன்றத்துக்கான மனுக் கட்டணம் 5 வெள்ளி.

(அடுத்த வாரம்: தள்ளிவைத்த கியர் எண்ணெயின் இரண்டாம் பாகம். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று கையேட்டில் போட்டிருக்கும் கார் வைத்திருப்பவர்கள், அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்.)